பரவால்லீங்க

கண்ணாடி துடைப்பதற்கு பனியன் வேஸ்ட்டை விட நல்ல துணி கிடையாது மேடம். கடையில் கண்ணாடியோடு சேர்த்துக் கொடுக்கிற வழவழப்பான துணி நாலு தடவை துடைத்தபின் பிசுக்கைத்தான் இழுத்துப் பூசும். பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த வெள்ளைத் துண்டை ஒரு முறை அலசிக் காயவைத்தால் போதும், பளிச்சென்று துடைக்கலாம். அக்ஷயாவுக்கு நான்தான் உள்ளங்கை அளவில் வெட்டி வைப்பேன். பல்லடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி ஓடுகிறது. காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானத்துக்குள் பஞ்சு படிந்துவிடும். அவள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு முஷ்டியாலும் கண்ணைக் கசக்குவாள். தூங்கி எழுந்த சின்னப் பிள்ளை கசக்குமே அந்த மாதிரி, நன்றாக அழுத்தி, நிறுத்தி நிறுத்தி.

நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும். ஜோஸ்லின் மேடம், நீங்கள் ஆஸ்பத்திரியின் வக்கீல். டாக்டர் அமிர்தராஜ் கவனக்குறைவாக இருந்தாரா என்று மட்டும்தான் கேட்டீர்கள். இல்லை. ஆனால் அந்த இல்லைக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இருக்கிறது. வழக்குப் போட்டிருப்பவர் என் கணவர் மிதுன். பார்வை போனது அவருடைய தங்கை அக்ஷயாவுக்கு. நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், அந்த வீட்டு மருமகளும்கூட. இரண்டு பக்கத்தாரும் என்னைத் தங்கள் சாட்சி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம்.

என்னை அங்கே கவுன்சிலர் என்பார்கள். லேசர் சிகிச்சைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, என்ன செய்யப்போகிறோம், என்ன கோளாறு வரலாம் என்று விளக்குவது என் வேலை. கருவிழியின் மேல்பக்கம் மெல்லிய ஏடாக வெட்டித் திறந்து, உள்ளே லேசர் பாய்ச்சி, ஏட்டைத் திரும்ப மூடுவார்கள். தையல் கிடையாது. பாலேடு மாதிரி அதுவாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற வரைக்கும் அது நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் வறண்டு போகலாம், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம், ஏடு நகரலாம், கிருமி சேரலாம், அபூர்வமாகப் பார்வையே குறையலாம். நான் ஒன்றையும் மறைத்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "நானே பண்ணிக்கிட்டேனுங்க, பாருங்க" என்று என் முகத்தைக் காட்டுவேன். அதற்கப்புறம் முன்னால் சொன்ன எதுவும் அவர்கள் காதில் நிற்காது. என்னை வேலைக்கு வைத்ததே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அன்னூர். மிதுன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு என் கண்ணாடி ஒரு பெரிய மனக்குறையாகிவிட்டது. அவசர அவசரமாக இதே டாக்டரிடம் லேசர் செய்தோம். மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் நாலு பக்கமும் சிதறியது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தில் அவ்வளவு ஆவல். "பரவால்லீங்க டாக்டர்" என்றேன். "ரொம்ப நல்லது" என்றார் டாக்டர்.

நீங்கள் சென்னை என்றீர்கள், அதனால் இந்த வார்த்தையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விருந்துக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டிருந்தாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவால்லீங்கதான். பஸ்ஸில் காலை நசுக்கியவர் பதறினால் பரவால்லீங்க. நெஞ்சுவலி வந்து ஐ.சி.யூ.வில் கிடப்பவரைப் பார்க்கப் போனாலும், மூக்கில் குழாயோடு பரவால்லீங்க என்பார். சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுக்கும்படி மகனுக்குச் சாடை காட்டுவார். எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாது, அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். சொல்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளூர்க்காரர் என்றால் முகத்தைப் பார்ப்பார், "அட, நெசமாச் சொல்லுங்க" என்று இரண்டாம் தடவை கேட்பார். இரண்டாவது பதில்தான் பதில்.

டாக்டருக்கு நாகர்கோவில் பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "பிரவீனா, இங்க எல்லாரும் பரவாயில்லன்னே சொல்றாங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுன்னு அர்த்தமுங்க டாக்டர்" என்றேன். அவரும் சங்கடப்படக் கூடாது, இல்லையா.

என் கண்ணைப் பரிசோதித்தால் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு விளக்கும் பிய்த்த பஞ்சு போலப் பரவி நிற்கும். எதிரே வருவது ஒரு லாரியா இரண்டு பைக்கா என்று தெரியாது. முதலில் இருந்த அந்த மணல் உறுத்தலும் சில மாதத்தில் போய், கண் மரத்துவிட்டது. ஒரு தடவை டாக்டர் பஞ்சு நுனியால் என் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். மற்றவர்களுக்கு இமை படபடவென்று அடித்துக்கொள்ளும். எனக்கு அவர் தொட்டதே தெரியவில்லை. "நரம்பு திரும்ப வளரும்மா, சிலருக்கு லேட்டாகும்" என்றார். இன்னும் வளரவில்லை. தறிப் பஞ்சு என் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவர் சொன்னால்தான் எடுப்பேன்.

புகுந்த வீட்டில் இந்தத் தொந்தரவெல்லாம் யாருக்கும் தெரியாது. லேசரில் கண் சரியாகிவிட்டது, இனிக் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மிதுனிடம் மட்டும் ஒரு தடவை விளக்கு சிதறுவதைப் பற்றி ஆரம்பித்தேன். "கடைசி வரி வரைக்கும் படிக்கறயல்ல, அப்பறமென்ன அம்மணி?" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு விளக்கு விளக்காகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

போன வருஷம் அம்மா இறந்துபோனார். எனக்கு அழுகை வந்தது மேடம், கண்ணீர்தான் வரவில்லை. இவை இரண்டும் வேறு வேறு என்று எழவு வீட்டில் யாரிடம் போய் விளக்குவது? சுற்றி உட்கார்ந்து எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், பெற்ற மகள் வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள். பெரியம்மா ஒருத்தர் என் காதுபடவே, "பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரலையே, இதென்ன நெஞ்சோ" என்றார். உள்ளறைக்குப் போய்ச் சொட்டு மருந்தைக் கன்னத்தில் வழிகிற அளவுக்கு விட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்ஷயா கூட்டத்தை விலக்கி என் பக்கத்தில் வந்தாள். துப்பட்டா முனையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "அழுவாதீங்க நங்கையா, நானிருக்கறேனுங்க" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

சொட்டு மருந்தைத்தான் துடைத்தாள், கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றைக்கும் குறையவில்லை. இவள் ஒருத்திக்கு மட்டும் என்னைப் புரிந்துவிட்டால் போதும் என்று அதற்கப்புறம் அடிக்கடி தோன்றியது. ஆனால் இது சொல்லிப் புரியக்கூடியது இல்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தக் கண்ணால் பார்த்தால்தான் புரியும்.

அந்தச் சமயத்தில் கோபியிலிருந்து அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை யஷ்வந்த், பெங்களூரில் வேலை, நல்ல குடும்பம். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அம்மா போனில், "புள்ளை லட்சணமா இருக்குதுங்க, அந்தச் சோடாப்புட்டி மட்டும் இல்லீன்னா இன்னும் நல்லா இருக்குமுங்க" என்றார். என் மாமியார் போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "ஏனம்மணி, உன்ற ஆசுபத்திரியிலயே பண்ணிப்போடலாமல்ல?"

அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கசக்குகிற பழக்கம் இருக்கிறது, தறிப் பஞ்சு பறக்கிற வீடு, இவளுக்கு ஒத்து வராது என்று ஒரு வாக்கியம் போதும். நான், "பண்ணலாமுங்க அத்தை" என்றேன். அன்று சாயங்காலம் அக்ஷயா தனியாக வந்தாள். "பயமா இருக்குதுங்க நங்கையா. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்கல்ல?" என்றாள். "எனக்குப் பரவால்ல கண்ணு" என்றேன். அவளும் இந்த ஊர்ப் பெண்தான், இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினாள்.

எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை டாக்டர் அவளிடமும் கேட்டார். "கண்ணைக் கசக்குற பழக்கம் உண்டாம்மா?" உண்டு என்றால் ஏடு வெட்ட மாட்டார். ஏடே இல்லாத வேறு முறை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவார். இல்லாவிட்டால் கண்ணாடியே போட்டுக்கொள் என்று அனுப்பிவிடுவார். அப்படி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் வயசுப் பெண்ணை டாக்டர் ஏதாவது கேட்டால் கூட வந்த பெரியவர்தான் பதில் சொல்வார். பெண்ணே முந்திக்கொண்டு பேசினால் வாயாடி என்பார்கள். டாக்டருக்கும் அது பழகிப்போயிருந்தது. கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்டார், பதிலுக்கு என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் அவள் மெதுவாக, "நான் கசக்குவேனுங்களே நங்கையா" என்றாள். "இனிமேல் கசக்க மாட்டயல்ல, அதைத்தான் சொன்னேன் கண்ணு" என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் சொல்லும்போது நியாயமாகத்தான் பட்டது.

அறுவையில் ஒரு குறையும் இல்லை. டாக்டரின் கை அவ்வளவு சுத்தம், கோர்ட்டில் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். இரண்டு கண்ணுக்கும் மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியை வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். "போனதும் தூங்கட்டும். மூடியை எடுக்கக் கூடாது. தூசி இல்லாத இடமா இருக்கணும். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு, "உனக்குப் போய்ச் சொல்லிட்டிருக்கேன் பாரு" என்று சிரித்தார்.

காரில் ஏறியதும் மிதுன், "அன்னூருக்குப் போயிரலாமா? உங்கம்மா ஊடு சும்மாதான இருக்குது, தறித் தூசி இருக்காது" என்றார். தங்கைமேல் உயிர் அவருக்கு. "புது எடத்துல புள்ளைக்குத் தூக்கம் வராதுங்க" என்றேன். பல்லடத்துக்கே வந்தோம். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், படுத்ததுமே தூங்கிவிட்டாள்.

மத்தியான வெயில். மாமியார் சமையல்கட்டில் இருந்தார், மிதுன் தறிக்குப் போய்விட்டார். அறையில் நானும் அவளும் மட்டும். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் அவள் நெற்றி வேர்த்திருந்தது. காற்றாடட்டும் என்று இரண்டு மூடிகளையும் மெல்ல உரித்தெடுத்தேன். என் விரல் அவள் இமையில் படவே இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், நான் அவள் கண்ணைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வலது கை எழுந்தது. மரப்பு மருந்தின் வேகம் தீர்ந்திருக்க வேண்டும். தூக்கத்திலேயே வலது கண்ணைக் கசக்கினாள். எப்போதும் கசக்குவது போலத்தான். எட்டிப் பிடித்திருக்கலாம், கைக்கு எட்டுகிற தூரம்தான். என் கை மடியிலேயே இருந்தது. எழுந்திரு என்று அதற்கு நானும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மனம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பஞ்சு நுனியால் டாக்டர் என் கருவிழியைத் தொட்டபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. கசக்கி முடித்து அவள் ஒருக்களித்துப் படுத்தாள். புது பிளாஸ்திரி வெட்டி, மூடிகளைப் பழையபடி நேராக ஒட்டினேன்.

எழுந்ததும், "வலது கண்ணு ஒரே மங்கலா இருக்குதுங்க நங்கையா, குத்துதுங்க" என்றாள். "மொதல் நாள் அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்றேன். மறுநாள் காலையில் மாமியாரை வைத்துக்கொண்டு, "எப்படி இருக்குது அக்ஷயா?" என்று கேட்டேன். அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபிக்காரர்கள் உறுதி செய்ய வரப்போகிற வாரம் அது. "பரவால்லீங்க" என்றாள். அவள் கன்னம் வலியில் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "பரவால்லீங்களாம் டாக்டர். கோயில்ல ஒரு பூசைங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கூட்டியாரட்டுங்களா?" பூசை எதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருக்க மாட்டார், உடனே வா என்று அதட்டியிருப்பார். என்னிடம், "பரவாயில்லன்னா சரிதான், நீ பக்கத்துலயே இருக்கியே" என்றார். என்னை நம்பியதை வேண்டுமானால் அவருடைய தவறு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

கூட்டிப்போனபோது ஏடு நகர்ந்து மடிந்திருந்தது, அதன் அடியில் கிருமி சேர்ந்திருந்தது. மறுநாளே காட்டியிருந்தால் ஏட்டைத் தூக்கி, கழுவி, நீவி ஒட்டியிருப்பார்கள். டாக்டர் எவ்வளவோ பாடுபட்டார். வீட்டுக்கே போகாமல் கிடந்தார் மனுஷன். கடைசியில் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஆட்டுவது தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இடது கண் பரவாயில்லை. பரவாயில்லை என்றால், என் கண்ணைப் போல. கோபிக்காரர்கள் மரியாதையாகத்தான் விலகினார்கள். ஜாதகத்தை மறுபடியும் பார்த்ததில் ஏதோ தோஷமாம்.

அதற்கப்புறம் அவள் யாரோடும் பேசவில்லை. என்னோடு மட்டும் இருந்தாள். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். திருச்சி ரோட்டில் வண்டிகள் விளக்குப் போடத் தொடங்கியிருந்தன. "நங்கையா, லைட்டெல்லாம் பிச்சுப் பிச்சுத் தெரியுதுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் இப்படித்தான் தெரியுதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"எத்தனை நாளாங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளும் தனியாவா இருந்தீங்க நங்கையா?" என்றாள்.

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை மேடம். எனக்குக் கண்ணீர் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் நின்றோம் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை. கோபமோ பொறாமையோ ஒன்றும் இல்லை. அவளைக் குருடாக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. எனக்குத் தெரிகிற மாதிரி அவளுக்கும் தெரிய வேண்டும், அந்த அளவுக்குத்தான் ஆசைப்பட்டேன். வலது கண்ணில் அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கசக்க மாட்டாள் என்று சொன்னது நான். மூடியை எடுத்தது நான். அவள் கசக்கியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். டாக்டரைப் பார்க்க விடாமல் தள்ளிப் போட்டதும் நான். டாக்டர்மேல் பழி விழக் கூடாது, நல்ல மனுஷன்.

ஒன்றே ஒன்று, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சீக்கிரம் சொல்லுங்கள். அக்ஷயாவுக்குக் கண்தானத்தில் ஒரு கருவிழி கிடைத்திருக்கிறது. வேறு ஊர் ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை மாற்றி வைக்கிறார்கள். ஒட்டிக்கொண்டால் பழையபடி பார்க்கலாமாம். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கை பட்டுவிடாமல் பல மாதத்துக்கு ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார்களாம். மாமியார் தான் வருவதாகச் சொன்னார். அக்ஷயா, "நங்கையாவே இருக்கட்டுமுங்க" என்றுவிட்டாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நான் அங்கே போய்விட வேண்டும் மேடம், அவளை என் அளவுக்குப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.